நர்ஸுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு, குடும்பத்துக்கு?

கனடாவின் சிற்றூர்களில் இன்று யாருக்கு எளிதாக வேலை கிடைக்கும் என்று கேட்டால், நர்ஸுக்கு என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். நோவா ஸ்கோஷியாவின் கடற்கரை முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப் பள்ளத்தாக்குகள் வரை, ஐயாயிரம் பேர் வாழும் ஊரில்கூட ஒரு மருத்துவமனையோ முதியோர் இல்லமோ இருக்கும். அங்கே நர்ஸ் தேவை என்ற விளம்பரமும் இருக்கும். டொரன்டோவின் வாடகையும் வான்கூவரின் வீட்டு விலையும் கழுத்தை நெரிக்க, சிற்றூர்ப் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கும் நர்ஸ் குடும்பங்கள் பல. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நேரே சிற்றூரில் வந்து இறங்குவோரும் உண்டு.

இவர்களில் பெரும்பாலோர் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஊர் கூடவே வந்துவிடுகிறது. இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. நர்ஸுக்கு எங்கும் வேலை உண்டு என்றால், ஊரைத் தேர்வதில் நர்ஸின் வேலைதான் கடைசிக் கவலையாக இருக்க வேண்டும். கணவனுக்கோ மனைவிக்கோ அங்கே என்ன வேலை, பிள்ளை எங்கே படிக்கும், காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பார் என்ற கேள்விகள்தான் முன்னால் வர வேண்டும். குடும்பங்கள் சிற்றூரை விட்டுக் கிளம்புவது பெரும்பாலும் நர்ஸின் வேலை பிடிக்காமல் அல்ல, மற்றவர்கள் அங்கே வேர்விட முடியாமல்.

முதலில் பணம். ஒன்டாரியோவில் நர்ஸ்கள் சங்கம் மருத்துவமனைகளோடு செய்துகொள்ளும் மைய ஒப்பந்தம் ஒரே ஊதிய அட்டவணையை வகுக்கிறது. டொரன்டோவின் பெரிய மருத்துவமனையிலும், மணிடோபா எல்லையை ஒட்டிய கெனோராவிலும், அதே அனுபவமுள்ள நர்ஸுக்கு ஏறக்குறைய அதே மணிக்கூலி. பிரிட்டிஷ் கொலம்பியா, சஸ்காச்சுவான் போன்ற மாகாணங்களிலும் நிலைமை இதுதான். சம்பளம் மாறுவதில்லை, செலவுதான் மாறுகிறது. சிற்றூர்க் கணக்கின் அடிப்படை லாபம் இதிலேயே இருக்கிறது. ஊக்கத்தொகைக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஊக்கத்தொகைகள் பெரிதாகத்தான் தெரிகின்றன. சஸ்காச்சுவான் தன் கிராமப்புற, தொலைதூர ஊர்களுக்கு மூன்றாண்டுப் பணிக்கு 50,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. ஒன்டாரியோ இரண்டாண்டுப் பணிக்கு 25,000 டாலர் என்றது. பிரிட்டிஷ் கொலம்பியா 2024-ல் வடபகுதிக்கு 30,000 டாலர் வரை என்றது. இவை ஆண்டுக்கு ஆண்டு மாறும், சில நேரம் நிதி தீர்ந்ததும் நின்றுவிடும். இந்தத் தொகைக்கு வரி உண்டு. இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய நிபந்தனையும் உண்டு. பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவரவில்லை என்றோ துணைக்கு வேலை கிடைக்கவில்லை என்றோ ஓராண்டில் கிளம்ப நேர்ந்தால், முன்பணத்தைச் செலவழித்துவிட்ட குடும்பம் கடனோடுதான் கிளம்பும். ஊக்கத்தொகை இல்லாவிட்டாலும் வாழ ஒத்துக்கொள்ளும் ஊருக்கு அதை வாங்கிக்கொண்டு போகலாம். அதற்காகவே ஓர் ஊருக்குப் போகக் கூடாது.

அடுத்தது மருத்துவமனை. சிற்றூரில் அது நர்ஸின் பணியிடம் மட்டுமல்ல, குடும்பத்தின் ஒரே நம்பிக்கையும் அதுதான். இங்கே ஊரின் மக்கள்தொகையைவிட மருத்துவமனையின் வகைதான் முக்கியம். மிகச் சிறிய மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கு இரண்டு நர்ஸ்கள் இருந்தாலே அது முழுப் பணிக்குழு. அவர்களில் ஒருவர் அவசரப் பிரிவுக்கு, மற்றவர் உள்நோயாளிகளுக்கு. நெஞ்சுவலியோடு ஒருவர் வந்துவிட்டால் வார்டில் இருப்பவரும் ஓடிவர வேண்டும், அதுவரை வார்டு தனியே கிடக்கும். மருத்துவர் வீட்டிலிருந்து காரில் வந்து சேர வேண்டும். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஆம்புலன்ஸில் கூடவே போவதற்கும் சில நேரம் ஒரு நர்ஸ் வேண்டும். அப்போது மருத்துவமனையில் மிஞ்சுவது ஒருவர். இந்த வேலையை விரும்பிச் செய்பவர்கள் உண்டு. பத்துத் துறைகளை ஒரே இரவில் கற்றுத்தரும் இடம் அது. ஆனால் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து மாற்று ஆள் கிடைக்காவிட்டால், அன்றிரவு அவசரப் பிரிவையே மூட வேண்டியதுதான்.

அப்படி மூடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஒன்டாரியோவின் செஸ்லியில் 2022 இலையுதிர் காலத்தில் அவசரப் பிரிவு வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளியர்வாட்டர் அதே ஆண்டு பலமுறை இரவில் கதவடைத்தது. அதே மாகாணத்தின் மெரிட் நகராட்சி, அவசரப் பிரிவு மூடிக்கிடந்த நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தரும்படி மாகாண அரசுக்கு பில் அனுப்பியது. ஒன்டாரியோவின் மின்டனில் நடந்தது இன்னும் கடுமையானது. அவசரப் பிரிவை நிரந்தரமாக மூடப்போவதாக 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள், ஜூன் 1-ல் மூடிவிட்டார்கள். ஆள் பற்றாக்குறைதான் சொல்லப்பட்ட காரணம். சேவை 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹாலிபர்டனுக்குப் போனது. ஆறே வார அவகாசம். அந்த ஊரை நம்பி வீடு வாங்கிய ஒரு நர்ஸ் குடும்பத்துக்கு இது என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பணியிடமும் போயிற்று, பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் ஓடும் இடமும் போயிற்று.

ஆகவே என் முதல் அளவுகோல் இது: ஊர் சிறிதாக இருக்கலாம், ஆனால் அங்கே இருப்பது சுற்றுவட்டாரத்துக்கே பொதுவான பிராந்திய மருத்துவமனையாக இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை, பிரசவம், தீவிர சிகிச்சை, டயாலிசிஸ் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒரே கூரையின் கீழ் இருந்தால், ஒரு துறையில் சோர்ந்த நர்ஸ் ஊரை விடாமலே இன்னொரு துறைக்கு மாறலாம். அப்படிப்பட்ட மருத்துவமனையை அரசு அவ்வளவு எளிதில் மூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரெயில், எண்ணாயிரம் பேரைத் தாண்டாத ஊர். ஆனால் கூட்னி பவுண்டரி பிராந்திய மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெல்சன் அதைவிடப் பெரிய, அழகான ஊர், அங்கேயும் மருத்துவமனை உண்டு. ஆனாலும் சிக்கலான நோயாளிகளை டிரெயிலுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

டிரெயிலைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நூறாண்டுக்கு மேலாக ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலை அந்த ஊரின் நடுவே இருக்கிறது. அதனால் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கும் திட்டம் அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. வீட்டுத் தோட்டத்து மண்ணையும் சோதித்துத் தருகிறார்கள், ஈயம் கூடுதலாக இருந்தால் மண்ணை மாற்றுகிறார்கள். அளவுகள் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கின்றன. கைக்குழந்தை உள்ள குடும்பம் ஆலைக்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் வீடு பார்ப்பது என்பதை வேலை விளம்பரம் சொல்லாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு என்பது எல்லா ஊரிலும் நல்ல யோசனை அல்ல.

துணைக்கு வேலை என்ற கேள்வியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கனடாவின் பல சிற்றூர்கள் ஒரே ஒரு தொழிலை நம்பிப் பிறந்தவை. ஒன்டாரியோவின் எலியட் லேக் யுரேனியத்தால் எழுந்த ஊர். 1990-களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. காலியான வீடுகளுக்கு ஓய்வுபெற்றவர்களை அழைத்துவந்து ஊரைக் காப்பாற்றினார்கள். இன்று அங்கே நர்ஸுக்கு வேலைக்குக் குறைவில்லை, முதியோர் அத்தனை பேர். ஆனால் நாற்பது வயதுக் கணக்காளருக்கோ மெக்கானிக்குக்கோ என்ன வேலை, பிள்ளைக்கு விளையாட எத்தனை தோழர்கள் என்று கேட்டுப் பார்த்துத்தான் போக வேண்டும். அதே மாகாணத்தின் எஸ்பனோலாவில் காகித ஆலை 2023-ல் நின்றது. சுப்பீரியர் ஏரிக் கரையில் ஆயிரத்தைந்நூறு பேர் வாழும் டெரஸ் பேயில், இந்தியாவின் ஆதித்ய பிர்லா குழுமத்துக்குச் சொந்தமான கூழ் ஆலை 2024 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தியது. சுமார் நானூறு பேருக்கு வேலை போயிற்று. அவ்வளவு சிறிய ஊரில் நானூறு வேலை போனால், நர்ஸின் சம்பளம் மட்டும் தப்பிப் பிழைக்கும். பள்ளியில் வகுப்புகள் சுருங்கும், கடைகள் மூடும், வீட்டு விலை சரியும்.

மருத்துவமனையோடு ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ, அரசு அலுவலகங்களோ, குறைந்தது இரண்டு வெவ்வேறு தொழில்களோ உள்ள ஊர்தான் துணைக்குப் பாதுகாப்பு. நெல்சன் அருகே காசல்கரில் செல்கிர்க் கல்லூரி இருப்பதும், சஸ்காச்சுவானின் ஸ்விஃப்ட் கரன்ட் விவசாயம், எண்ணெய், ரயில், நெடுஞ்சாலை வணிகம் என நான்கு கால்களில் நிற்பதும் வேலை விளம்பரத்தில் வராத பலங்கள்.

குழந்தைக் காப்பகத்தைப் பற்றித் தனியே பேச வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நர்ஸின் பகல் ஷிஃப்ட் பெரும்பாலும் காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 7 மணிக்கு முடிகிறது. மருத்துவமனைக்குள் நுழைந்து பொறுப்பேற்க வேண்டுமென்றால் ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சிற்றூர்க் காப்பகங்கள் பெரும்பாலும் ஏழரைக்குத்தான் திறக்கும், மாலை ஐந்தரைக்கு மூடிவிடும். கட்டணத்தை நாளுக்குப் பத்து டாலராகக் குறைக்கும் மத்திய அரசின் திட்டம் 2021-ல் தொடங்கியபோது பெற்றோர் மகிழ்ந்தார்கள். ஆனால் கட்டணம் குறைந்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே. காத்திருப்புப் பட்டியல் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பள்ளிப் பிள்ளையாக வளர்த்துவிடும். துணையும் காலையில் வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்த ஒன்றேகால் மணி நேர இடைவெளியை அடைக்க ஊரில் அத்தை, பாட்டி யாரும் இருக்கப்போவதில்லை. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே ஊரிலுள்ள காப்பகங்கள் ஒவ்வொன்றையும் போனில் அழைத்துத் திறக்கும் நேரத்தையும் காலியிடத்தையும் கேட்டுவிடுவது நல்லது. சில மருத்துவமனைகள் தம் ஊழியர் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க ஏற்பாடு செய்கின்றன. இல்லாவிட்டால் அதை நேர்முகத் தேர்விலேயே கேட்கலாம். ஆள் தேவைப்படுவது அவர்களுக்கு.

நிபுணர் மருத்துவம் எங்கே கிடைக்கும் என்பதற்கு வரைபடம் மட்டும் போதாது. கெனோரா ஒன்டாரியோவில் இருக்கிறது. ஆனால் அங்கேயுள்ளவர்களைப் பெரும்பாலும் பக்கத்து மாகாணமான மணிடோபாவின் வினிபெக்குக்கே அனுப்புகிறார்கள், இருநூறு கிலோமீட்டர். சொந்த மாகாணத்தின் தண்டர் பே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தொலைவு. ஆஸ்துமா உள்ள குழந்தை, கர்ப்பிணி மனைவி, சர்க்கரை நோயுள்ள பெற்றோர் ஆகியோரை அழைத்துப் போகும் குடும்பம், நோயாளியை எங்கே அனுப்புகிறார்கள் என்பதை வார்டு நர்ஸ்களிடமே கேட்க வேண்டும். குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் நாடெங்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நர்ஸின் குடும்பம் என்பதற்காக வரிசையில் முன்னே விடமாட்டார்கள்.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக: கார் இல்லாமல் முடியாது, ஒருவருக்கு ஷிஃப்ட் என்றால் இரண்டு கார். சஸ்காச்சுவானின் அரசுப் பேருந்து நிறுவனம் 2017-ல் மூடப்பட்டது, கிரேஹவுண்ட் 2018-ல் மேற்கு கனடாவிலும் 2021-ல் நாடு முழுவதும் ஓட்டத்தை நிறுத்தியது. வண்டி ஓட்டத் தெரியாத தாத்தா பாட்டி வந்தால் வீட்டோடு அடைந்து கிடப்பார்கள். மலைப்பகுதியில் விமானத்தையும் நம்பக் கூடாது. காசல்கர் விமான நிலையம் பள்ளத்தாக்கில் இருப்பதால் குளிர்காலத்தில் மேகமூட்டம் வந்தால் விமானங்கள் ரத்தாகிக்கொண்டே இருக்கும். கேன்சல்கர் என்றே உள்ளூர் மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

குளிரைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். நெருப்பைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2021 ஜூன் 29-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில் 49.6 டிகிரி வெப்பம் பதிவானது, மறுநாள் அந்த ஊர் எரிந்துபோனது. அதே ஆண்டு நவம்பரில் வெள்ளத்தால் கழிவுநீர் நிலையம் செயலிழக்க, மெரிட் நகர மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். 2024 ஜூலையில் ஆல்பர்ட்டாவின் ஜாஸ்பர் நகரத்தின் மூன்றில் ஒரு பகுதி காட்டுத்தீக்கு இரையானது. வெளியேற்றத்தின்போது மற்றவர்கள் குடும்பத்தோடு கிளம்புவார்கள். நர்ஸ் பெரும்பாலும் நோயாளிகளோடு கிளம்ப வேண்டியிருக்கும். குழந்தைகளை யார், எந்த வண்டியில், எந்தத் திசையில் அழைத்துப் போவது என்று முன்கூட்டியே பேசி வைப்பதும் ஊர்த் தேர்வில் சேர்ந்ததே.

வீடு வாங்கும் அவசரத்தில் விற்பனை விலையை மட்டும் பார்க்கிறார்கள். அட்லாண்டிக் மாகாணங்களின் பல பழைய வீடுகள் எண்ணெயால் சூடேற்றப்படுபவை. எண்ணெய்த் தொட்டியின் வயது கூடியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடும். போன குளிர்காலத்தின் எரிபொருள் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ஊருக்கு வெளியே என்றால் கிணற்று நீரையும் கழிவுத் தொட்டியையும் சோதியுங்கள். ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மனிதர்கள் பற்றி. சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றின் நோயாளிகளில் பெரும்பகுதி பூர்வகுடிகள். ஒன்டாரியோவின் சூ லுக்கவுட்டில் உள்ள மெனோ யா வின் மருத்துவமனை வடக்கே உள்ள முப்பதுக்கு மேற்பட்ட பூர்வகுடிச் சமூகங்களுக்கானது. காட்டு இறைச்சியும் மீனும் கொண்ட அவர்களின் பாரம்பரிய உணவையே நோயாளிகளுக்குப் பரிமாறும் திட்டம் அங்கே உண்டு. மறுபுறம், 2020 செப்டம்பரில் கியூபெக்கின் ஜோலியட் மருத்துவமனையில் ஜாய்ஸ் எச்சக்குவான் என்ற பூர்வகுடிப் பெண், ஊழியர்கள் தன்னை இழிவாகப் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்த சிறிது நேரத்தில் இறந்தார். புதிதாக வரும் நர்ஸ் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு வேலைக்குச் சேர வேண்டும். தான் தோல் நிறத்தால் ஒதுக்கப்படக் கூடாது என்று நினைப்பவர், தன்னிடம் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கும் அதையே உறுதி செய்ய வேண்டும்.

தமிழர்களுக்கு வேறொரு கேள்வியும் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஷாட்ஸ் அருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரைக் காப்பாற்றியவர்கள் சிற்றூர் மீனவர்கள். கரையேறியவர்கள் அங்கே தங்கவில்லை, டொரன்டோவுக்கும் மொன்றியலுக்கும் போனார்கள், உறவும் மொழியும் அங்கேதான் இருந்தன. இன்றும் ஸ்கார்பரோவில் கோயிலும் கடையும் நடன வகுப்பும் இருக்கும்போது சிற்றூருக்கு எப்படிப் போவது என்று தயங்குவது நியாயமே. ஆனால் பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் மணிடோபா, சஸ்காச்சுவான் சிற்றூர்களில் செய்ததைப் பார்க்க வேண்டும். ஒருவர் போய் நிலைத்ததும் அடுத்தவரை அழைக்கிறார்கள், சில ஆண்டுகளில் ஊரில் ஒரு கடையும் ஒரு கூட்டமும் உருவாகிவிடுகின்றன. தனியாகப் போவதைவிட இரண்டு மூன்று குடும்பங்கள் பேசி வைத்து ஒரே ஊருக்குப் போவது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு உரிமமும் குடியேற்றமும் முன்னால் நிற்கும். நர்ஸ் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. 2023-ல் நோவா ஸ்கோஷியா, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் பதிவுபெற்ற நர்ஸ்களுக்கு வழியைச் சுருக்கியது. என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு மட்டும் கட்டாயம். மத்திய அரசின் கிராமப்புறச் சமூகக் குடியேற்ற முன்னோட்டத் திட்டம் 2025 ஜனவரியில் 14 இடங்களை அறிவித்தது. பிக்டூ கவுன்டி, நார்த் பே, டிம்மின்ஸ், ஸ்டைன்பாக், மூஸ் ஜா, கிளேர்ஸ்ஹோம், மேற்கு கூட்னி ஆகியவை அவற்றில் சில. அங்கீகரிக்கப்பட்ட முதலாளியிடமிருந்து வேலை வேண்டும், அந்த ஊரிலேயே வாழும் எண்ணமும் வேண்டும். இந்தப் பட்டியலையே ஊர்த் தேர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன கேள்விகளை அதிலுள்ள ஊர்களுக்கும் கேளுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், பிள்ளைகள் சிறியவர்களாகவும் துணை மருத்துவத் துறைக்கு வெளியிலும் இருந்தால் நோவா ஸ்கோஷியாவின் ஆன்டிகோனிஷை முதலில் சொல்வேன். ஐயாயிரத்துக்கும் குறைந்த ஊர்தான், ஆனால் செயின்ட் மார்த்தா பிராந்திய மருத்துவமனையும் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன, நர்ஸிங் படிப்பும் உண்டு. ஹாலிஃபாக்ஸ் இரண்டரை மணி நேரத்துக்குள். குறை, மாணவர்கள் வந்துவிட்டால் வாடகை வீடு கிடைப்பது கடினம், வரியும் அதிகம். செலவுதான் பெரிய கவலை என்றால் ஸ்விஃப்ட் கரன்ட். ஏரியும் காடும் வேண்டும், பெரிய நகரமும் எட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் கெனோரா. நெல்சன் அழகுதான், வீட்டு விலை அந்த அழகுக்கும் சேர்த்துத்தான். ஒரே ஆலை, ஒரே மருத்துவர், இரண்டு இரவு நர்ஸ்கள் என்ற ஊருக்கு, பிள்ளை இல்லாத இளம் நர்ஸ் இரண்டாண்டு போய்வரலாம். குடும்பத்தோடு போக வேண்டாம்.

எந்த ஊராக இருந்தாலும் கோடையில் போய்ப் பார்க்காதீர்கள். நவம்பரிலோ பிப்ரவரியிலோ ஒரு வாரம் போய்த் தங்குங்கள். அவசரப் பிரிவு சென்ற ஆண்டு எத்தனை இரவு மூடியது என்று வார்டில் கேளுங்கள். பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பாருங்கள். நர்ஸ் கையெழுத்திடுவதற்கு முன், நர்ஸாக இல்லாத துணை அந்த ஊரை நேரில் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.